நீலத் திரை வந்தால் ஃபார்மட் அடிக்காதே!

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் பட்டய மாணவன்)



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பன், "செயற்கை நுண்ணறிவு பத்தி எழுதுடா, எல்லாரும் படிப்பாங்க" என்றான். அதை எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது, நாம் எல்லோரும் பார்த்திருந்தும் ஒரு வரிகூடப் படிக்காமல் பவர் பட்டனை அமுக்கிவிடுகிற விஷயம் பற்றி. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் திடீரென நின்று, நீலத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி காட்டுகிறதே, அதுதான். (2025 முதல் விண்டோஸ் 11-ல் அது கறுப்புத் திரையாகிவிட்டது. நிறம் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை.)

இதை நான் பாடப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. என் அப்பா மீது வந்த ஒரு பழியிலிருந்து கற்றுக்கொண்டேன்.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய யூனிட்டில் சி.என்.சி. ஆப்பரேட்டர். எட்டாவது வரை படித்தவர். அந்த யூனிட்டில் பழைய மெஷின்கள். மெஷினின் சொந்த மெமரி போதாது என்பதால், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, அதிலிருந்து ஆர்.எஸ்.232 கேபிள் வழியாகப் புரோகிராமைச் சொட்டுச் சொட்டாக மெஷினுக்கு அனுப்புவார்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் இருக்கும் ஒரே சீரியல் போர்ட் அப்பாவின் மெஷினுக்கு. பக்கத்து மெஷினுக்கு யு.எஸ்.பி.-யிலிருந்து சீரியலாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விற்கிறார்களே, அந்த மாதிரி.

2025 ஜூன் 12, வியாழக்கிழமை. அப்பா பகல் ஷிஃப்ட். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் நீலத் திரைக்குப் போனது. புரோகிராம் பாதியில் அறுந்து, மெஷினில் இருந்த பொருள் ஸ்கிராப். அதுவும் முதலாளி ரவுண்ட்ஸ் வந்த நேரத்தில். "நீ இந்த வாரம் பகல் ஷிஃப்டுக்கு வந்ததிலேர்ந்துதான்யா இது. எதையோ அமுக்கியிருக்கே" என்றார் சூப்பர்வைசர். ஸ்கிராப் காசு 3,200 ரூபாயைச் சம்பளத்தில் பிடிப்பதென்று பேச்சு. திங்கட்கிழமை காலையில் சர்வீஸ்காரர் வந்து ஃபார்மட் அடிப்பதாக ஏற்பாடு.

அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம், "நீ படிக்கிறது இதுதானே? நான் ஒண்ணும் அமுக்கலைன்னு அதுல தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை.

கெர்னல் ஏன் மொத்தமாக நிற்கிறது?

முதலில் ஒரு சந்தேகம் வரும். பக்கத்து மெஷினின் கன்வெர்ட்டரில் கோளாறு என்றால் அந்த லைன்தானே நிற்க வேண்டும்? அப்பாவின் லைன் ஏன் அறுந்தது?

நாம் போடும் வேர்டு, கேம், பிரவுசர் எல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஒரு போர்ஷனில் ஃபியூஸ் போனால் அந்த வீடுதான் இருட்டாகும். ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த புரோகிராமை மட்டும் மூடிவிட்டு மற்றதை ஓட்டும். டிரைவர் கதை வேறு. பிரின்டர், வைஃபை கார்டு, கன்வெர்ட்டர் போன்ற வன்பொருளோடு நேரடியாகப் பேச வேண்டியிருப்பதால், பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்கு உள்ளேயே, கெர்னலின் உரிமையோடு ஓடுகின்றன. அதாவது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மெயின் ஸ்விட்ச் பெட்டியைத் திறக்கும் சாவி அவர் கையில். அவர் தப்பான ஒயரைத் தொட்டால் மொத்தக் கட்டடமும் இருட்டு.

தப்பு நடந்தது தெரிந்தவுடன் கெர்னல் வேண்டுமென்றே எல்லாவற்றையும் நிறுத்துகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். யாருடைய மெமரி கெட்டிருக்கிறது என்று தெரியாமல் தொடர்ந்து ஓடினால், கெட்ட தகவலையே ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே நீலத் திரை என்பது எமர்ஜென்சி பட்டனைக் கெர்னலே அமுக்கிக்கொள்வது. அமுக்கிய பிறகு, அந்த நொடியில் யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை டிஸ்கில் எழுதி வைக்கிறது. அதற்குப் பெயர் டம்ப் ஃபைல். ஃபார்மட் அடித்தால் முதலில் அழிவது அதுதான். சாட்சியை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பஞ்சாயத்து பேசுவதைப் போல.

டிரைவர்கள் இதில் பெரிய குற்றவாளிகள் என்பது பழைய செய்தி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2001-ல் லினக்ஸ் கெர்னலை ஆராய்ந்தபோது, மற்ற பகுதிகளைவிட டிரைவர் பகுதியில் பிழை விகிதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி-யில் பதிவான நிலைகுலைவுகளில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 2003-ம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று குறிப்பிட்டது. அதற்கும் முன்னால், 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில், விண்டோஸ் 98-ல் ஸ்கேனரைச் சொருகினால் போதும், தானாக வேலை செய்யும் என்று காட்டப் போனார்கள். சொருகியதும் வந்தது நீலத் திரை. மேடையில் நின்றிருந்தவர் பில் கேட்ஸ். இதை அப்பாவிடம் சொன்னபோதுதான் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

"அதே வைரஸ்தான் தம்பி"

சூப்பர்வைசருக்கு ஒரு சொந்தக் கருத்து இருந்தது. "போன வருஷம் உலகம் பூரா வந்துச்சே, ஏர்போர்ட்டெல்லாம் நின்னுச்சே, அதே வைரஸ்தான் தம்பி." அவர் சொன்னது 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை நடந்ததை. சென்னை உட்பட நம் நாட்டு விமான நிலையங்கள் பலவற்றில் அன்று கம்ப்யூட்டர்கள் முடங்கின. போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்த இடங்களும் உண்டு.

அது வைரஸ் அல்ல. சொல்லப்போனால் வைரஸ் வராமல் காக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் மென்பொருள். அது வன்பொருளுக்கான டிரைவர் இல்லை என்றாலும், டிரைவராகவே கெர்னலுக்குள் ஏறி உட்காரும். நம் நேரப்படி காலை 9.39-க்கு அதற்கு ஒரு சிறிய தகவல் ஃபைல் அனுப்பப்பட்டது. 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிடத்துக்குள் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. ஆகஸ்ட் 6-ல் வெளியான அறிக்கையில் காரணம் சொன்னார்கள். புதிய அமைப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அதற்குக் கொடுக்கப்பட்டவை 20 மட்டுமே. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய், தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டது. நாம் சி லேபில் அரே எல்லையைத் தாண்டிப் படித்துவிட்டு, "சார், ஏதோ குப்பை வேல்யூ வருது" என்போமே, அதேதான். நம் புரோகிராமில் குப்பை வரும். கெர்னலுக்குள் செய்தால் விமானம் நிற்கும்.

நான் அந்தச் செய்தியில் கவனித்தது வேறொன்று. சரிசெய்ய யாரும் விண்டோஸை அழித்துப் போடச் சொல்லவில்லை. சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை நீக்கினால் போதும் என்று அன்றைக்கே சொன்னார்கள். விழுந்த மெஷின்களின் டம்ப் எல்லாம் ஒரே டிரைவரின் பெயரைச் சொன்னதால்தான் இவ்வளவு சீக்கிரம் விரலை நீட்ட முடிந்தது. அப்படியானால் அப்பாவின் கம்ப்யூட்டரும் ஒரு பெயரைச் சொல்லத்தானே வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை

ஜூன் 15 ஞாயிறு. முதலாளியிடம் அப்பாவே கேட்டு அனுமதி வாங்கினார். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் பட்டரவாக்கம் இறங்கி இருவரும் நடந்தோம். அவர் வேலை செய்யும் இடத்துக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

முதல் வேலையாக, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் என்ற ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி எடுத்தேன். எதைத் தொடுவதற்கு முன்பும் இதைச் செய்யுங்கள். உள்ளே ஏழு ஃபைல்கள். பெயர்கள் 060225, 060325, 060525 என்று தொடங்கின. பிறகு 060925, 061025, 061125, 061225.

இங்கேதான் நான் ஏமாந்தேன். நம் பழக்கப்படி 6-ம் தேதி பிப்ரவரி, 6-ம் தேதி மார்ச், 6-ம் தேதி மே என்று படித்தேன். அப்பா, "ஒவ்வொரு மாசமும் ஆறாம் தேதியா? அது சம்பளம் போடற நாள்கூட இல்லியே" என்றார். அடுத்த பெயரைப் பார்த்தால் 6-ம் தேதி செப்டம்பர். செப்டம்பர் இன்னும் பிறக்கவே இல்லை! அப்புறம்தான் உறைத்தது. மாதம் முதலில், நாள் அடுத்து, வருடம் கடைசியில். அது அமெரிக்க வழக்கம். ஆக ஏழும் ஜூன் மாதத்தவை: 2, 3, 5, பிறகு 9, 10, 11, 12.

ஜூன் 2 முதல் 7 வரை அப்பா இரவு ஷிஃப்ட். ஆனால் அந்த வாரத்து மூன்று விழுதல்களும் பகலில். முதலில் கம்ப்யூட்டர் கடிகாரம் சரியா என்று மொபைலோடு ஒப்பிட்டேன். இருபது நிமிடம் வேகம். அதைக் கழித்தாலும் எல்லாமே காலை பதினொன்றை ஒட்டியோ, மாலை மூன்றரைக்குப் பிறகோதான் வந்தன. இரவில் ஒன்றுகூட இல்லை. பகல் ஷிஃப்ட் அண்ணன் முதல் வாரம் மூன்று தடவையும் சத்தமில்லாமல் ரீஸ்டார்ட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லியிருந்தால் பழி அவர் தலையில் விழுந்திருக்கும்.

கரன்ட் போனதால் நின்றதா, கெர்னல் நின்றதா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஏரியாவில் இது முக்கியம். ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர், எண் 41 என்று ஒரு பதிவு இருக்கும். பலர் அதைப் பார்த்ததும் "பவர் சப்ளை போச்சு" என்று எஸ்.எம்.பி.எஸ். மாற்றச் சொல்வார்கள். அந்தப் பதிவு, ஒழுங்காக மூடாமல் நின்றது என்பதை மட்டுமே சொல்லும். அதன் விவரத்தில் பக்செக் கோடு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால் கரன்ட், பவர் சப்ளை, தொங்கிப்போனது போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது. எங்களுக்கு ஏழு முறையும் 209. அதை ஹெக்ஸாடெசிமலில் மாற்றினால் டி1. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் "இந்த மாத்தல் கணக்கெல்லாம் எங்கடா உதவப் போகுது" என்று கேட்டது நான்தான்.

டி1 என்றால் என்ன? கெர்னலில் அவசர வேலைகளுக்குப் படிநிலை உண்டு. உயர்ந்த படியில் இருக்கும்போது, டிஸ்கிலிருந்து எடுத்து வர வேண்டிய மெமரியைத் தொடக் கூடாது. காத்திருக்க அங்கே நேரமில்லை. எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்போது கறிவேப்பிலை வாங்கக் கடைக்கு ஓட முடியுமா? கைக்கெட்டும் தூரத்தில் முன்பே கிள்ளி வைத்திருக்க வேண்டும். அப்படி வைக்காமல், அல்லது காலி செய்துவிட்ட பாத்திரத்தில் கைவிட்டு, ஒரு டிரைவர் மாட்டிக்கொண்டால் வருவதுதான் டி1. கூடவே நான்கு எண்கள் வரும். எந்த முகவரியைத் தொட்டது, எந்தப் படியில் இருந்தது, படித்ததா எழுதியதா, தொட்ட கட்டளை எங்கே இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். எங்கள் டம்பில் இரண்டாவது எண் 2, மூன்றாவது பூஜ்யம். பூஜ்யம் என்றால் படிக்கப் போய் மாட்டியது.

பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. நிர்சாஃப்டின் புளூஸ்கிரீன்வியூ என்ற இலவசச் சிறு மென்பொருள் எல்லா டம்பையும் ஒரே அட்டவணையில் காட்டும். முதல் பார்வைக்கு அது போதும். ஆழமாகப் பார்க்க மைக்ரோசாஃப்டின் விண்டிபக். அதில் டம்பைத் திறந்து, ஆச்சரியக்குறி போட்டு அனலைஸ் என்று அடித்து, இடைவெளி விட்டு மைனஸ் வி கொடுக்க வேண்டும். சிம்பல் ஃபைல்களை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். அது இல்லாமல் பார்த்தால் தப்பான பெயர் வர வாய்ப்புண்டு. என் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா முழுக்கத் தீர்ந்தது. ஏழு டம்பிலும் ஒரே டிரைவர், ஒரே இடம். அந்த யு.எஸ்.பி.-சீரியல் கன்வெர்ட்டரின் டிரைவர். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் பார்த்தால், மே மாதக் கடைசியில் அதற்குப் புதிய பதிப்பு ஏறியிருந்தது.

இவ்வளவு தெரிந்ததும் நான் குதித்துவிட்டேன். அப்பாதான் நிதானமாக, "சரி, அது ஏன் பதினோரு மணிக்கும் மூன்றரைக்கும் மட்டும் வருது?" என்றார். எட்டாவது படித்தவர் கேட்ட அந்தக் கேள்வி இல்லாவிட்டால் பாதியில் நின்றிருப்பேன். யோசித்து அவரே பதிலும் சொன்னார். அந்த நேரங்களில் சூப்பர்வைசர் வந்து, மூன்றாவது மெஷினுக்குப் புரோகிராம் போடக் கன்வெர்ட்டரைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் மாட்டிக்கொண்டு போவார். சாஃப்ட்வேரில் அந்தப் போர்ட்டை மூடுவதில்லை.

செய்து பார்த்தோம். மெஷின்களின் மெயின் அணைத்த பிறகு, சாஃப்ட்வேரை மட்டும் ஓட்டி, நான் திரையைப் பார்த்தபடி "இழுங்கப்பா" என்பேன். அவர் கன்வெர்ட்டரை இழுப்பார். ஐந்து முறையில் மூன்று முறை நீலத் திரை. போர்ட்டை மூடிவிட்டு ஐந்து முறை இழுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு டிவைஸ் மேனேஜரில் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பிவிட்டு, போர்ட் திறந்திருக்கவே பத்து முறை இழுத்தோம். அனுப்புவது நின்றதாக சாஃப்ட்வேர் திட்டியது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அசையவில்லை.

கேபிளை நடுவில் பிடுங்குவது நல்ல பழக்கமல்ல என்பது உண்மைதான். ஆனால் யு.எஸ்.பி. என்பதே பிடுங்கிச் சொருகுவதற்காகப் பிறந்தது. சாதனம் போய்விட்டால் "போச்சு" என்று சொல்லி ஒதுங்க வேண்டியது டிரைவரின் கடமை. கன்வெர்ட்டர் போனதும் அதற்கான மெமரியைக் காலி செய்துவிட்டு, முன்பே போட்டு வைத்த ஏதோ ஒரு வேலை அந்தக் காலி இடத்தைப் படிக்கப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

பெயர் வந்தவுடன் தூக்கில் போடாதீர்கள்

எங்களுக்கு விஷயம் சுலபமாக அமைந்தது. எப்போதும் அப்படி வராது. டம்ப் காட்டுவது விழுந்த இடத்தை. பள்ளம் தோண்டியவர் வேறு ஆளாக இருக்கலாம். ஒரு டிரைவர் இன்னொருவரின் மெமரியைக் கெடுத்துவிட்டுப் போய்விடும். அப்பாவி ஒருவர் பிறகு வந்து அதில் கால் வைத்து விழுவார். குறிப்பாக ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சொந்த ஃபைல் பெயரே வந்தால் நம்பாதீர்கள். ஒவ்வொரு தடவையும் வேறு எண், வேறு பெயர் என்று வந்தால் முதலில் ரேமைச் சந்தேகித்து, மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியதிலேயே தீர்ந்த கேஸ்களும் உண்டு. எண் 124 என்றால் வன்பொருளே பிழை என்று பிராசசர் புகார் செய்கிறது. 9எஃப் வந்தால், தூங்கப் போகும்போதோ எழும்போதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை. 116 என்றால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள்.

டிரைவர் வெரிஃபையர் என்று விண்டோஸிலேயே ஒரு கருவி உண்டு. சந்தேகப்படும் டிரைவரை அது கண்காணித்து, தப்பு செய்த அந்த நொடியிலேயே பிடிக்கும். பிடித்தால் நீலத் திரை வரும் என்பதால், கம்ப்யூட்டர் பூட் ஆகாமலே சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். சேஃப் மோடில் போய் அதை நீக்கத் தெரியாமல் இதைத் தொடாதீர்கள். லேப் கம்ப்யூட்டரில் வேண்டவே வேண்டாம். (செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.)

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அக்கா, அண்ணன் வாங்கியது இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. லினக்ஸில் டிரைவர் தப்பு செய்தால் முதலில் 'ஊப்ஸ்' என்ற அறிக்கை வரும். தப்பு சிறியதென்றால் கெர்னல் நொண்டிக்கொண்டே ஓடும். பெரியதென்றால் 'பானிக்' ஆகி நிற்கும். ஊப்ஸ் அறிக்கையில் ஆர்.ஐ.பி. என்று தொடங்கும் வரியில் எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்பது இருக்கும். அதன் கடைசியில் சதுர அடைப்புக்குள் இருப்பது மாட்யூலின் பெயர், அதாவது டிரைவர். 'டெயின்டட்' என்ற சொல்லையும் பாருங்கள். மூல நிரல் வெளியிடாத டிரைவரோ, வெளியிலிருந்து சேர்த்த டிரைவரோ ஏறியிருந்தால் அங்கே எழுத்துக் குறி இருக்கும். அப்படி இருந்தால் கெர்னல் எழுதுபவர்கள் "முதலில் அதை எடுத்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்புவார்கள்.

பானிக் ஆன கெர்னல் எப்படித் தன் கதையைத் தானே எழுதும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. செத்தவர் சாட்சி சொல்ல முடியாது. அதற்குத்தான் கேடம்ப். பூட் ஆகும்போதே கொஞ்சம் மெமரியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக உட்கார வைத்துவிடுவார்கள். முதல் கெர்னல் விழுந்ததும் இரண்டாவது எழுந்து, முதல்வரின் மெமரியைப் பத்திரமாக டிஸ்கில் எழுதும். இதை வடிவமைத்த மூவரில் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா இருவரும் ஐ.பி.எம். இந்தியாவில் வேலை பார்த்தவர்கள். எரிக் பீடர்மேன் மூன்றாமவர். 2005-ல் லினக்ஸ் கெர்னலின் 2.6.13 பதிப்பில் அது சேர்ந்தது. நம் நாட்டில் உட்கார்ந்து எழுதியது உலகத்து சர்வர்களில் ஓடுகிறது.

எழுதி அனுப்புவது

கன்வெர்ட்டர் நிறுவனத்துக்கு நான் முதலில் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் சாரம்: "ஐயா, உங்கள் டிரைவரால் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. அவசரம். உதவவும்." அனுப்புவதற்கு முன் அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "இதையே நம்ம சூப்பர்வைசர் எங்கிட்ட சொன்னா நான் என்னன்னு ரிப்பேர் பண்ணுவேன்? எந்த மெஷின், எந்த டூல், எத்தனாவது பீஸ்ல வந்துச்சுன்னு கேப்பேன்ல?" என்றார்.

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். தலைப்பிலேயே விஷயம் வந்தது: இந்தப் பதிப்பு டிரைவர், போர்ட் திறந்திருக்கும்போது கன்வெர்ட்டரைப் பிடுங்கினால் டி1 பிழை, பழைய பதிப்பில் இல்லை. விண்டோஸின் முழுப் பதிப்பு எண், கன்வெர்ட்டரின் வன்பொருள் அடையாள எண், டிரைவரின் பதிப்பும் தேதியும் சேர்த்தேன். பிறகு, என்ன செய்தால் வருகிறது என்பதைப் படிப்படியாக, அறிமுகமில்லாத ஒருவர் தன் மேஜையில் செய்து பார்க்கும்படி. ஐந்துக்கு மூன்று, ஐந்துக்குப் பூஜ்யம், பத்துக்குப் பூஜ்யம் என்ற எங்கள் எண்ணிக்கை. விண்டிபக் காட்டியதை முழுதாக, வெட்டாமல், போட்டோவாக இல்லாமல் எழுத்தாகவே. ஊகத்தைக் கடைசியில், ஊகம் என்று சொல்லியே எழுதினேன். கோபத்தை எடுத்துவிட்டேன், 3,200 ரூபாயைப் பற்றி அவர்களுக்கு என்ன?

லினக்ஸாக இருந்தால் முதலில் உங்கள் லினக்ஸை வெளியிடுபவர்களிடம் புகார் பதியுங்கள். புதிய கெர்னலிலும் அதே பிழை வந்தால், கெர்னல் மூல நிரலோடு வரும் மெயின்டெய்னர்ஸ் என்ற ஃபைலில் அந்த டிரைவருக்கு யார் பொறுப்பு, எங்கே எழுத வேண்டும் என்பது இருக்கும்.

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. முழு மெமரி டம்ப் கேட்டார்கள். மினிடம்ப் என்பது விழுந்த இடத்தைச் சுற்றிய ஒரு சிறு துண்டுதான். முழு டம்ப் என்றால் அந்த நேரத்தில் ரேமில் இருந்தது அத்தனையும். அதில் பாஸ்வேர்டு இருக்கலாம், பில் கணக்கு இருக்கலாம், கஸ்டமரின் டிராயிங்கும் இருக்கலாம். முதலாளியிடம் விளக்கிச் சொன்னேன். "வேணாம்பா" என்றார். அது அவர் உரிமை. அதற்குப் பதிலாக, என் லேப்டாப்பில் அதே டிரைவரைப் போட்டு, அதே கன்வெர்ட்டரை இழுத்து, அதில் விழுந்த முழு டம்பை அனுப்பினேன். அதில் என் ரெக்கார்டு நோட்டு தவிர ரகசியம் எதுவுமில்லை.

அக்டோபரில் புதிய பதிப்பு வந்தது. மாற்றக் குறிப்பில், சாதனத்தை அகற்றும்போது ஏற்படும் நிறுத்தம் சரிசெய்யப்பட்டதாக ஒரு வரி. எங்கள் கடிதத்தாலா, வேறு யாராவது எழுதியதாலா என்று அதில் இல்லை.

ஃபார்மட் வேலை ஜூன் 16 காலையிலேயே நிறுத்தப்பட்டது. தேதிகளை ஒரு தாளில் ஷிஃப்ட் வாரியாக எழுதி அப்பா கையில் கொடுத்து அனுப்பியிருந்தேன். சூப்பர்வைசர் அதை ரொம்ப நேரம் பார்த்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். ஜூலை சம்பளத்தில் 3,200 பிடிக்கவில்லை. அடுத்த வாரம், கம்ப்யூட்டர் மேல் ஒட்ட ஒரு அறிவிப்பு வேண்டும் என்று அவரே அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "போர்ட்டை மூடாமல் கன்வெர்ட்டரை எடுக்காதே" என்று ஸ்கெட்ச் பேனாவில் நான் எழுத, அப்பா அதற்கு மேல் செலோடேப் ஒட்டினார், எண்ணெய்க் கை பட்டால் அழியாமல் இருக்க.